பெயர் ஒன்று, பெரியோர் பலர்

வில்லிபாரதம் பாடிய புலவர் எந்த ஊரினர் என்று கேட்டால், நம்மில் பலரும் தயங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று விடை கூறுவோம். பெயரிலேயே ஊர் அமைந்திருக்கும்போது தயக்கத்திற்கு இடம் ஏது? எனினும் அவ்விடை பிழையானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்தவர் பெரியாழ்வார். விட்டுசித்தர் என்ற பெயருடைய அவரே ஆண்டாளை வளர்த்த தந்தை. பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். திருமுனைப்பாடி நாட்டைச் சார்ந்தவர். வைணவப் பற்றில் ஆழ்ந்திருந்த அவர் தந்தையார், பெரியாழ்வாரின் நினைவாக அவ்வூர்ப் பெயரையே தம் மகனுக்குச் சூட்டினார் என்பர். ஓர் அடியவரின் ஊர் இவ்வாறு ஒரு புலவரின் பெயராயிற்று. அன்பினால் இட்ட பெயர்தான். ஆயினும் பிற்காலத்தில் அதுவே மயக்கத்திற்கும் காரணமாயிற்று.

அம்மயக்கத்தைத் தெளிவிக்க நமக்குக் கிடைத்துள்ள சான்று எது? வில்லிபுத்தூராரின் மகன் வரந்தருவார் பாடிய சிறப்புப்பாயிரம். தந்தை பிறந்த நாட்டையும், அவரை ஆதரித்த வக்கபாகை வரபதி ஆட்கொண்டானையும் அம்மகன் பாயிரத்தில் பதித்து வைத்தார். அவர் அதனைச் செய்யாதிருந்தால் பெயரை மட்டும் நம்பிப் புலவரை வேறோர் ஊருக்கு நாம் உரிமையாக்கியிருப்போம். இந்தச் செய்தியை மனத்திற் கொண்டு நம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். பெயரால் விளையும் மயக்கம் அங்கே இதனினும் பெரிது.

‘அப்துல் காதிர்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ‘காதிர்’ என்பது பேராற்றலுடையோன் என்னும் பொருளில் அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. ‘அப்து’ என்றால் அடியான். பன்னிரண்டாம் நூற்றாண்டில், 1166இல், பகுதாதில் மறைந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களால் இப்பெயர் உலகெங்கும் பரவியது. நாகூரில் அடங்கியிருக்கும் பதினாறாம் நூற்றாண்டுப் பெரியார் சாகுல் ஹமீது (ரஹ்) அவர்களின் பெயரும் செய்யிது அப்துல் காதிர் என்பதே. காதிர் ஒலி என்று நம் மக்கள் அவர்களை அழைப்பது அதனாலன்றோ? இவ்விரு பெரியார்களின் நினைவாகத் தமிழகத்தில் இப்பெயர் பெற்ற குழந்தைகளுக்குக் கணக்கில்லை. காதர், காதரு, காதிறு, காதிரி என்று ஊருக்கு ஓர் ஒலியாக வழங்கினாலும் வேர் ஒன்றே.

அக்குழந்தைகளுள் சிலர் வளர்ந்து புலவர்களாயினர். காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிமைச் சேகனாப் புலவர் என்று உலகம் அறியும். நீண்ட இயற்பெயரின் சுருக்கமே ‘சேகனா’. தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்து, 1838இல் சென்னையில் மறைந்த மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிறு. 1833 முதல் 1908 வரை வாழ்ந்த நாகூர்ப் பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர். ‘குலாம்’ என்றால் பணியாளன். நாகூரில் பிறந்தவருக்கு அப்பெயர் வந்த காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவர்கள் பெயரால் மட்டும் ஒன்றுபட்டவர்களல்லர், பாடுபொருளாலும் ஒன்றுபட்டவர்கள். சேகனாப் புலவர் ஜீலானி நாயகத்தைக் ‘குத்பு நாயகம்’ என்ற காப்பியமாகப் பாடினார். நாகூர் ஆண்டகையைத் ‘திருக்காரணப் புராணம்’ ஆக்கினார். மஸ்தான் சாகிபு ‘முகியித்தீன் சதகம்’ பாடினார். நாவலர் ‘நாகூர்ப் புராணம்’ பாடினார். பாடுவோரும் காதிர், பாடப்படுவோரும் காதிர். ஆகவே, ‘காதிறு பாடிய காதிர் புகழ்’ என்று மட்டும் ஓர் ஏட்டின் முகப்பில் எழுதியிருந்தால், அது யார் நூல் என்று எவ்வாறு துணிவது?

இங்கே இரண்டு வகைப் பிழைகள் நேர்கின்றன. பலரை ஒருவராக்குவது ஒன்று; ஒருவரைப் பலராக்குவது மற்றொன்று. ‘அப்துல் காதிர்’ என்ற தலைப்பின்கீழ் எல்லாரையும் அடுக்கும் அட்டவணை முதற்பிழையைச் செய்கிறது. ‘காதர்’ என்று ஒரு பதிப்பிலும் ‘காதிறு’ என்று மறு பதிப்பிலும் அச்சான ஒரே ஆசிரியரை இரு வேறு இடங்களில் வைக்கும் அட்டவணை இரண்டாம் பிழையைச் செய்கிறது. முன்னதனால் ஒருவர் உழைப்பு மற்றொருவர் கணக்கில் ஏறுகிறது. பின்னதனால் பெரும் பணி செய்த ஒருவர், சிறு சிறு பணி செய்த இருவராகக் குறுகிப் போகிறார். இரண்டும் இலக்கிய வரலாற்றில் அநீதிகளே.

“அரபுப் பெயர்களை வைத்துக்கொண்டதால் வந்த வினை இது, தமிழ்ப் பெயர்களில் இந்தக் குழப்பம் இல்லை” என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று ஆராய்ச்சியில் நில்லாது. ஔவையார் எத்தனை பேர் என்று தமிழறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். சங்கப் பாடல்களின் ஔவையாரும் ஆத்திசூடியின் ஔவையாரும் ஒருவரல்லர் என்பது இன்று எல்லாரும் ஒப்பிய முடிபு. நக்கீரர், பட்டினத்தார் என்ற பெயர்களுக்கும் இதே நிலைதான். நம் குலாம் காதிறு நாவலரையே மதுரை நான்காம் தமிழ்ச் சங்கத்தின் நக்கீரர் என்று புலவர் உலகம் போற்றியது. பெயர் பரவுவது மொழியைப் பொறுத்ததன்று, மதிப்பைப் பொறுத்தது. மதிக்கப்பட்டவர் பெயரே மறுபடி மறுபடி இடப்படுகிறது.

நோய் இரு மொழிக்கும் பொது என்றால், மருந்தும் பொது என்பது வியப்புக்குரியது. சங்கத் தொகை நூல்களில் ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்ற குறிப்பைக் காண்கிறோம். முதலில் ஊர், அடுத்துத் தந்தை, இறுதியில் பெயர். அரபு வழக்கில் பெயரை முதலில் வைத்து, ‘இப்னு’ என்று தந்தையைச் சுட்டி, ஊரை இறுதியில் வைப்பர். வரிசை மட்டுமே வேறு. தமிழின் ‘மகனார்’ அரபியின் ‘இப்னு’ அன்றி வேறென்ன?

முஸ்லிம் அறிஞர்கள் இதனை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தனர் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். நபிமொழியை ஒருவர் அறிவிக்கிறார் என்றால் அவர் யார், நம்பத் தகுந்தவரா என்று காணவேண்டும். ஒரே பெயரில் நம்பத் தகுந்தவர் ஒருவரும் தகாதவர் ஒருவரும் இருந்துவிட்டால் என் செய்வது? பெயர் மயங்கினால் சான்று மயங்கும். சான்று மயங்கினால் மார்க்கச் சட்டமே மயங்கும். ஆதலின் 1071இல் மறைந்த கதீப் பகுதாதி அவர்கள் ‘அல் முத்தபிக் வல் முஃப்தரிக்’ என்ற பெயரில் ஒரு நூலை இயற்றினார்கள். பெயரால் ஒத்து, ஆளால் வேறுபட்டோரைப் பிரித்துக் காட்டுவது அந்நூலின் பணி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு ஸலாஹ் அவர்கள் நபிமொழிக் கலைக்கு இலக்கணம் வகுத்தபோது, இதற்கும் ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அதில் ‘கலீல் இப்னு அஹ்மது’ என்ற பெயருடையோர் அறுவரை எண்ணிக் காட்டுகிறார்கள். அறுவருள் முதல்வர், அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த பேரறிஞர் கலீல். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பின் ‘அஹ்மது’ என்ற பெயரைப் பெற்றவர்களுள் முதல்வர் இந்தக் கலீலின் தந்தையே என்றும் கூறுவர். பெயருக்குப் பின்னே இருந்த அன்பை அவ்வறிஞர்கள் மறக்கவில்லை. ஆனால் அன்பின் பொருட்டு ஆராய்ச்சியைக் கைவிடவும் இல்லை.

தந்தை பெயரும் சில வேளை போதாது. 923இல் மறைந்த வரலாற்றாசிரியர் முகம்மது இப்னு ஜரீர் தபரீயை உலகம் அறியும். அவரைப் போலவே முகம்மது என்ற பெயரும், ஜரீர் என்ற தந்தையும், தபரீ என்ற ஊர்ப் பெயரும் கொண்ட ஷீஆ அறிஞர் ஒருவரும் இருந்தார். அவருடைய பாட்டனார் ருஸ்தம் என்பதைக் கொண்டே அவரைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. நம் அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு அன்றாடம் பழகிய இப்னு ஹஜரும் இருவர். புகாரிக்கு விரிவுரை கண்ட அஸ்கலானி 1449இல் மறைந்தார். ஷாபிஈச் சட்ட நூலான ‘துஹ்பா’ எழுதிய ஹைத்தமி பதினாறாம் நூற்றாண்டினர். ஊர்ப்பெயரை விட்டு, “இப்னு ஹஜர் சொன்னார்” என்று மட்டும் எழுதுகிறவர் சான்று காட்டியவராகமாட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சில கல் தொலைவில் உள்ள இராஜபாளையத்தில் மற்றொரு முறையைக் காண்கிறோம். அங்குள்ள ராஜுக்கள் ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழியினர். தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயரை அவர்கள் பெயருக்கு முன்னே வைப்பர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்த பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா அவ்வூரினர். குமாரசாமிகள் பலர். கலை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ஆனந்த குமாரசாமி இலங்கையில் பிறந்தவர். கர்நாடகத்தில் முதலமைச்சராயிருந்த குமாரசாமி ஒருவரும் உண்டு. ஆனால் ‘பூசப்பாடி’ என்ற சொல் இராஜபாளையத்தவரைத் தனியே நிறுத்திவிடுகிறது. ஆந்திரக் கரையோரத்து விஜயநகர அரச குடும்பத்தின் வீட்டுப்பெயரும் அதுவேயாதலின், ஒரு வரலாற்றுத் தொடர்பையும் அச்சொல் நினைவூட்டுகிறது. இந்த விஜயநகரம் வேறு. துங்கபத்திரைக் கரையில் பேரரசு நடத்திய விஜயநகரம் வேறு. ஊர்ப்பெயரும் மயக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தனை பொருளும் செறிந்த வீட்டுப்பெயர் இன்று ‘பி’ என்ற ஓர் எழுத்தாகச் சுருங்கி, ‘பி. எஸ். குமாரசாமி ராஜா’ என்றே வழங்குகிறது. முன்னெழுத்து வழக்கம் அலுவலகங்களுக்கு வசதியாயிருக்கலாம். வரலாற்றுக்கு அது பகை. ‘எம். அப்துல் காதர்’ என்பதில் உள்ள ‘எம்’ முகம்மதா, மீரானா, மேலப்பாளையமா என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் யார் சொல்வார்?

‘ஒரே பெயர் கொண்ட பெரியோர்’ என்ற வகையில் மலர்களில் வரும் கட்டுரைகளைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். ஒரு பெயரை எடுத்து, அதனைத் தாங்கிய இறைநேசர், அரசர், அறிஞர், நடிகர் என எல்லாரையும் வரிசைப்படுத்திப் பெருமிதத்துடன் அவை முடிகின்றன. படிக்கச் சுவையானவையே, இளையோருக்குத் தம் பெயரில் ஒரு பற்றையும் ஊட்டும். ஆயினும் ஒருவர் பெருமை மற்றவர்மீது வழிவது போன்ற தோற்றத்தை அவை உண்டாக்குகின்றன. பெயர் உறவைக் காட்டும், தகுதியைக் காட்டாது. தகுதிக்கு நூலைத்தான் திறந்து பார்க்கவேண்டும்.

திறந்து பார்த்தால் எவ்வளவு வேறுபாடு! சேகனாப் புலவர் காப்பியப் புலவர். சிரியா நாட்டு வெற்றிகளைப் ‘புதூகுஷ்ஷாம்’ என்ற காப்பியமாக விரித்தவர். படையும் நகரும் நாடும் அவர் களம். நிகழ்ச்சிகளைக் கோத்து நடத்திச் செல்லும் புலமையை அவரிடம் காண்கிறோம். மஸ்தான் சாகிபோ கதை சொல்ல வந்தவரல்லர். பராபரக்கண்ணியிலும் எக்காலக்கண்ணியிலும் ஒலிப்பது ஓர் உள்ளம் தன் இறைவனோடு தனித்து நின்று உருகும் குரல். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே வத்திராயிருப்பை அடுத்த சதுரகிரி மலையிலும் அவர் தவமிருந்தார் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். அந்தத் தனிமை அவர் கண்ணிகளில் கேட்கிறது. முன்னவரைப் படிக்க அவைக்களம் வேண்டும். பின்னவரைப் படிக்க நள்ளிரவு போதும். இருவரையும் ‘அப்துல் காதிறு’ என்ற ஒரே கூட்டில் அடைப்பது இருவருக்கும் இழுக்கு.

இப்புலவர்களைக் காத்தவை அவர்களுடைய சிறப்புப் பெயர்கள்: சேகனா, குணங்குடி, நாவலர். ஆனால் அத்தகைய பெயர் வாய்க்காத எத்தனையோ காதிர்களும் மீரான்களும் முகம்மதுகளும் மாலையும் முனாஜாத்தும் கிஸ்ஸாவும் பாடிச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் ஏடுகள் பல வீடுகளில் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. பெயர் மட்டும் இருந்து, ஊரும் தந்தையும் இல்லாத ஏடு, உரியவர் இல்லாத பொருளைப் போன்றது. எவரும் எடுத்துக்கொள்ளலாம், எவரும் எறிந்துவிடலாம்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒன்று கூறுவோம். முன்னோர் எழுதியது எதுவாயினும், அதன் முதற்பக்கத்தில் அவர் முழுப்பெயரையும், தந்தை பெயரையும், ஊரையும், அறிந்தால் ஆசிரியர் பெயரையும் தெளிவாக எழுதி வையுங்கள். பதிப்பிப்போர் முன்னெழுத்தை விரித்து அச்சிடுங்கள். அட்டவணை செய்வோர் ‘காதர்’ என்பதையும் ‘காதிறு’ என்பதையும் ஓரிடத்தில் இணைத்து, அதற்குள் ஆட்களை ஊராலும் தந்தையாலும் பிரியுங்கள். பிள்ளைக்குப் பெரியார் பெயரை இடும் வழக்கத்தை நாம் விடவேண்டியதில்லை. அது விடத்தக்கதும் அன்று. வில்லிபுத்தூராரின் தந்தையும் அதைத்தான் செய்தார். அவர் பேரன் செய்ததையும் நாம் சேர்த்துச் செய்யவேண்டும், அவ்வளவே.