விலக்கும் கடமையும்

கவிதை நூலையும் நாவலையும் திறனாய்வு செய்யும் நாம், நீதிமன்றத் தீர்ப்புகளை அவ்வாறு வாசிப்பதில்லை. அவை வழக்கறிஞர்களுக்கும் பள்ளித் தாளாளர்களுக்கும் உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் தீர்ப்பும் ஓர் எழுத்தாக்கமே. அதற்கும் ஒரு மையக் கருத்து உண்டு. அது அழுத்திச் சொல்லும் சொற்களும் உண்டு, சொல்லாமல் கடந்துபோகும் இடங்களும் உண்டு. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் வாசலில் நுழையும் என்பதை நிர்ணயிக்கும் எழுத்தைப் பொதுநிலையினர் ஊன்றி வாசிப்பது, பொழுதுபோக்கு அன்று, பொறுப்பு.

அவ்வாறு வாசிக்கத் தக்க ஒன்று, 2014 மே 6 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பிரமதி கல்வி, பண்பாட்டு அறக்கட்டளை வழக்கில் அளித்த தீர்ப்பு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினரின் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று அது கூறிற்று. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 1 அன்று, அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பு சரிதானா என ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஒன்று இதனை ஆராய வேண்டும் எனத் தலைமை நீதிபதிக்கு அனுப்பினர். இவ்விரு எழுத்துகளையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரிமை வந்த வழி

அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சமயச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கலாம் என்கிறது. 1958இல் கேரளக் கல்வி மசோதா குறித்துக் கருத்துரைத்த உச்சநீதிமன்றம், நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று வரம்பு கட்டியது. 1974இல் அகமதாபாத் புனித சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும், 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகளும் இவ்வுரிமையின் எல்லைகளை வரையறுத்தனர்.

இதனிடையே வேறோர் உரிமை பிறந்தது. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அதன் வழியே வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு உதவி பெறாத பள்ளிகளும் முதல் வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை அண்டையில் வாழும் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும், அச்செலவை அரசு ஈடுசெய்யும் என்பது அதன் முக்கிய ஏற்பாடு. 2012இல் மூன்று நீதிபதிகளுள் பெரும்பான்மையினர், உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தனர். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு படி மேலே சென்றது. உதவி பெறும் பள்ளியாயினும் பெறாத பள்ளியாயினும், சிறுபான்மையினருடையதாக இருந்தால் சட்டம் முழுவதுமே பொருந்தாது என்றது.

நம் பள்ளி நிர்வாகங்கள் பல அன்று மகிழ்ந்தன. அந்த மகிழ்ச்சிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. இடத்தில் தொடங்கும் அரசின் கை, ஆசிரியர் நியமனத்துக்கும் பாடத்துக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நீளக்கூடும் என்ற அச்சம் சிறுபான்மையினருக்கு இயல்பானது. ஆயினும் அத்தீர்ப்பின் தருக்கத்தை நாம் போதிய அளவு ஆராயவில்லை.

‘தன்மை’ என்னும் சொல்

தீர்ப்பின் பெரும்பகுதி வேறு கேள்விகளைப் பற்றியது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்துமா என்னும் கேள்விக்கு இறுதியில் சில பத்திகளே ஒதுக்கப்பட்டுள்ளன. வெளியாரைச் சேர்க்குமாறு சட்டம் கட்டாயப்படுத்தினால் நிறுவனத்தின் சிறுபான்மைத் தன்மை பாதிக்கப்படலாம் என்பது தீர்ப்பில் பாய்ந்திருக்கும் கருத்து. அந்தத் ‘தன்மை’ எங்கே குடியிருக்கிறது என்று அது விளக்கவில்லை. மாணவரின் சமயத்திலா, நிர்வாகத்தின் கையிலா, அல்லது பள்ளி யாருக்காக எழுப்பப்பட்டதோ அந்த நோக்கத்திலா?

இவ்விடைவெளி சிறியதன்று. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கிறிஸ்தவப் பள்ளிகளில் பயிலும் மாணவருள் நூற்றுக்கு எழுபத்து நால்வர் கிறிஸ்தவர் அல்லாதவர். சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்திலும் சமூக, பொருளாதார நிலையில் நலிந்த பிள்ளைகளின் பங்கு 8.76 விழுக்காடு மட்டுமே. இப்பள்ளிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றே அவ்வறிக்கை பரிந்துரைத்தது. ஆகவே அதனை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். எனினும் அது எழுப்பும் கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. கட்டணம் செலுத்தக்கூடிய பிற சமயத்துப் பிள்ளைகள் முக்கால் பங்கு இருக்கும்போது குலையாத தன்மை, கட்டணம் செலுத்த இயலாத பிள்ளை நுழையும்போது மட்டும் குலையுமா? பிற சமயத்தவர் சேர்வதால் ஒரு நிறுவனம் தன் சிறுபான்மைத் தன்மையை இழந்துவிடாது என்று 1958ஆம் ஆண்டுக் கருத்துரையே கூறியிருந்ததே!

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. நாமே விரும்பிச் சேர்ப்பது வேறு, அரசு கட்டாயப்படுத்திச் சேர்ப்பது வேறு. தெரிந்தெடுக்கும் சுதந்திரமே நிர்வாக உரிமையின் உயிர்நாடி என்பர். இவ்வாதம் வலிமையானது. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதனை மையமாக வைத்து விரித்திருந்தால் உறுதியாக நின்றிருக்கும். ஆனால் இவ்வாதத்தை ஏற்றவுடனே இன்னொரு கேள்வி நம் பக்கம் திரும்புகிறது: அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு யாரைத் தெரிந்தெடுக்கிறோம்? சட்டம் கேட்காத இக்கேள்வியை மனசாட்சி கேட்கும்.

ஐயத்தின் மறுபக்கம்

2025ஆம் ஆண்டு ஆணையும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதன்று. ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்துத் தமிழ்நாட்டிலிருந்தும் மகாராட்டிரத்திலிருந்தும் சென்ற வழக்குகளில் பிறந்தது அது. குழந்தையின் கல்வி உரிமையும் சிறுபான்மையினரின் நிர்வாக உரிமையும் ஒன்றையொன்று அழிக்காமல் இணைந்து வாழ வேண்டும் என்ற அதன் நோக்கு போற்றத்தக்கது. ஆனால், சட்டத்தின் கடமையிலிருந்து நழுவுவதற்கான வழியாகவே சிறுபான்மைத் தகுதி மாறிவிட்டது என்ற தொனி அதில் ஓங்கி ஒலிக்கிறது. அவ்வாறு நழுவியோர் இருக்கலாம். சிற்றூர்களில் குறைந்த கட்டணத்தில் தமிழ்வழிப் பள்ளி நடத்தும் துறவியரை அத்தொனி கண்டுகொள்வதில்லை.

அரசின் வாக்குறுதி எத்தனை உறுதியானது என்ற கேள்வியும் உண்டு. கல்வி நிதி தொடர்பாக நடுவண் அரசுக்கும் தமிழ்நாட்டு அரசுக்கும் எழுந்த சச்சரவால், 2025-26ஆம் கல்வியாண்டில் அங்கே இருபத்தைந்து விழுக்காட்டுச் சேர்க்கை அக்டோபர் வரை இழுபட்டது. இரு அரசுகளுக்கு இடையில் சிக்கிய பிள்ளைகள் பள்ளி திறந்த பின்னும் வெளியே காத்திருந்தனர். சட்டம் இருந்தால் ஏழையின் பிள்ளை தானே பள்ளிக்கு வந்துவிடும் என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்வார்களாக.

அந்த ஆணையில் நம் தமிழகத் திருச்சபை கூர்ந்து நோக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிற சமூகத்துப் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்ப்பது சிறுபான்மை உரிமைக்கு ஊறு என்றே வைத்துக்கொண்டாலும், அந்த இருபத்தைந்து விழுக்காட்டை அதே சிறுபான்மைச் சமூகத்தின் நலிந்த பிள்ளைகளுக்கு உரியதாகப் பொருள்கொண்டு சட்டத்தைக் காத்திருக்கலாமே என்பதுதான் அது. இதற்கு முன் ‘தன்மை’ வாதம் அறவே எடுபடாது. நம் சொந்தச் சகோதரரின் பிள்ளையால் நம் பள்ளியின் கத்தோலிக்கத் தன்மை கெடும் என்று எவரும் வாதிட முடியாதன்றோ?

நம் வீட்டுப் பிள்ளைகள்

அந்தச் சகோதரர் யார் என்பதை நாம் அறிவோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவம் தழுவிய தலித் மக்களைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. பட்டியல் சாதியினருக்குரிய இடஒதுக்கீடு அவர்களுக்குக் கிட்டவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வைக்கப்பட்டனர். இந்த அநீதியைக் கண்டித்துத் திருச்சபை பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறது, பேரணிகள் நடத்தியிருக்கிறது. அரசு அடைத்த கதவைத் தட்டுகிறவர்கள், தங்கள் கையிலுள்ள கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தலித் கிறிஸ்தவக் குடும்பத்தின் பிள்ளை தன் பங்கிலுள்ள ஆங்கிலவழிப் பள்ளியின் கட்டணத்தைக் கண்டு திரும்பிப் போகுமாயின், அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கையின் குரல் தானே தாழ்ந்துவிடும்.

புதுவை மண்ணுக்கு இதில் தனி நினைவு உண்டு. 1844இல் இங்கே கூடிய மறைமாநில மாமன்றம் பெண்பிள்ளைகளின் கல்வியை வற்புறுத்தியது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அதே ஆண்டில் லூயி சவினியன் துப்புயி அடிகளார், இந்நாட்டுப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கி, பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தார். அன்று 30ஆம் பிரிவு இல்லை. அரசியல் சட்டமும் இல்லை. உரிமை கேட்டுப் பிறந்தவையல்ல அப்பள்ளிகள். விலக்கப்பட்டவர்களை உள்ளே அழைக்கப் பிறந்தவை. சாதி வேறுபாடு அக்காலத் திருச்சபையை விட்டு விலகியிருக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் வாசல் எந்தத் திசையில் திறக்க வேண்டும் என்பதை அம்முயற்சி காட்டிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, உலகச் செல்வத்தில் வறியோர், குடும்ப ஆதரவு அற்றோர், விசுவாசத்தைப் பெறாதோர் ஆகியோரின் தேவைகளில் தனிக்கவனம் செலுத்துமாறு பணித்தது. கத்தோலிக்கப் பள்ளி குறித்து 1977இல் உரோமையிலிருந்து வந்த ஏடு மேலும் வெளிப்படையானது: வசதி படைத்தோருக்கே பெரிதும் பணியாற்றும் பள்ளி, அவர்களுடைய மேலிடத்தை நிலைநிறுத்தவே துணைபோகக்கூடும் என எச்சரித்தது. நம் பள்ளிகளின் ‘தன்மை’ யாது என்று நீதிபதிகள் விளக்காமல் விட்டதைத் திருச்சபை முன்னரே விளக்கிவிட்டது. இதன்படி பார்த்தால், ஏழைப் பிள்ளையின் வருகையால் நம் பள்ளியின் தன்மை குலைவதில்லை. அவன் வராமையால்தான் குலைகிறது.

தீர்ப்புக்கு முன்னரே

பெரிய அமர்வு எவ்வாறு தீர்ப்பளித்தாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. 30ஆம் பிரிவைக் காத்துக்கொள்ள நீதிமன்றத்தில் வாதிடுவது நம் உரிமை; அதனை விட்டுக்கொடுக்கலாகாது. விட்டுக்கொடுத்தால் நாளை மொழிச் சிறுபான்மையினரும் பிற சமயத்துச் சிறுபான்மையினரும் சேர்ந்தே இழப்பர். ஆனால் அவ்வுரிமைக்கு நாம் காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று வழக்கறிஞரின் வாதம் அன்று. நம் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு.

ஆகையால் ஒவ்வொரு பங்குப் பேரவையும் தன் எல்லைக்குள் உள்ள கத்தோலிக்கப் பள்ளியிடம் மூன்று கேள்விகளைப் பணிவோடும் உறுதியோடும் கேட்கலாம். இவ்வாண்டு முதல் வகுப்பில் கட்டணமின்றிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் நம் பங்கின் வறிய குடும்பத்தினர் எத்தனை பேர்? சேர்ந்த பிள்ளை சீருடை, புத்தகம், வாகனம், விழா வசூல் ஆகியவற்றின் சுமையால் இடையில் நின்றுவிடாதிருக்க என்ன ஏற்பாடு உள்ளது? மூன்றாம் கேள்வியே கடினமானது. இலவச இடம் தந்துவிட்டுப் பிற செலவுகளால் பிள்ளையை வெளியேற்றும் பள்ளிகளும் உண்டு. ஏழைப் பிள்ளையைத் தனி இருக்கையில் அமர்த்தாமல், தனிப் பெயரால் அழைக்காமல் பார்த்துக்கொள்வதும் இக்கேள்விக்குள் அடங்கும்.

இதற்குப் பணம் எங்கே என்று தாளாளர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. அரசு தரும் ஈட்டுத்தொகை நம் பள்ளிகளுக்கு வராது. விலக்குப் பெற்றவர்கள் அதனைக் கேட்கவும் இயலாது. எனவே சுமையைப் பள்ளியின் தலையில் மட்டும் ஏற்றிவிடலாகாது. ஆலயத்துக்குப் புதிய கோபுரமும் திருவிழாவுக்கு வாணவேடிக்கையும் வேண்டும் என்று வரி திரட்டும் பங்கு மக்களுக்கு, ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் கட்டணம் பெருஞ்சுமை ஆகாது. பழைய மாணவர்களும் வெளிநாட்டில் வாழும் நம் புதுவைக் குடும்பங்களும் கேட்டால் கொடுப்பார்கள். கேட்பவர் கணக்கையும் காட்ட வேண்டும்.

விருந்துக்கு அழைக்கப்பட்டோர் வராதபோது, தெருக்களிலும் சந்துகளிலும் உள்ள ஏழைகளை அழைத்துவரச் சொன்ன தலைவனின் உவமையை நாம் அறிவோம். எவரும் அத்தலைவனைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தவில்லை. வீடு அவனுடையது, யாரை அழைப்பது என்ற உரிமையும் அவனுடையதே. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு நமக்கு அளித்ததும் அத்தகைய உரிமைதான். வரும் சூன் மாதச் சேர்க்கையில் அவ்வுரிமையை எவ்வாறு பயன்படுத்தப் போகிறோம் என்பதை இப்போதே பங்குப் பேரவைகளில் பேசத் தொடங்குவோம்.