செய்முறை நோட்டும் நாலு இலவச ஆப்பும்

எங்கள் பக்கத்து வீடுகளில் பீரோவைத் திறந்தால் நகைப்பெட்டிக்கு அடுத்தபடி பத்திரமாக இருப்பது செய்முறை நோட்டுதான். எந்தக் காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள், யாருக்கு நாம் இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். தை மாதம் அக்கா மகள் கல்யாணம் முடிந்த மறுவாரம், அத்தான் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"கம்ப்யூட்டர் படிச்சவன்தான மாப்ள, இதப் போன்லயே ஏத்திவிட்ரு. சும்மா கிடைக்கிற ஆப்பாப் பாரு. மாசாமாசம் காசு கட்டுற சோலியெல்லாம் வேண்டாம்."

அந்த ஒரு பேச்சில் தொடங்கியதுதான் இந்தச் சோதனை. ஒரு மாதம் எங்கள் ஊரான பரளச்சியில் இருந்துகொண்டு நாலு இலவச ஆப் தொகுப்புகளைப் பயன்படுத்திப் பார்த்தேன்: கூகுளின் டாக்ஸும் ஷீட்ஸும், மைக்ரோசாஃப்ட்டின் வேர்டும் எக்செலும், ஜோஹோவின் ரைட்டரும் ஷீட்டும், லிப்ரே ஆபீஸை அடிப்படையாகக் கொண்ட கொலாபரா ஆபீஸ். கருவிகள் இரண்டு. ஒன்று 4 ஜிபி ராம் உள்ள என் பழைய ஆண்ட்ராய்டு போன். மற்றது கல்லூரியில் படிக்கும் மருமகனின் 11 அங்குல டேப்.

மதிப்பெண் போடுவதற்கு நோட்டையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். நோட்டுக்கு டவர் வேண்டாம். எந்தத் தமிழ்ப் பெயரை எழுதினாலும் அது முகம் சுளிக்காது. கேட்டவருக்கு அந்த இடத்திலேயே விரித்துக் காட்டலாம். இந்த மூன்றையும் செய்யாத ஆப்பில் வேறு நூறு வசதி இருந்தும் எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

காட்டுக்குள் டவர் இல்லை

முதல் சோதனை சாகுபடிச் செலவு. அத்தானுக்கு மானாவாரியில் இரண்டு குறுக்கம் நிலம். ஒன்றில் குதிரைவாலி, ஒன்றில் மல்லி. உழவு, விதை, களையெடுப்பு, அறுப்புக் கூலி என்று நடந்ததை நடந்த அன்றே குறிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எத்தனை ஆள் வந்தார்கள் என்பதே மறந்துபோகும். ஆனால் கண்மாயைத் தாண்டினால் போனில் கோடு ஒன்று நின்றாலே பெரிது.

கூகுளும் ஜோஹோவும் கோப்பை இணையத்தில் வைத்து வேலை செய்கிற குலம். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கோப்பை ஆஃப்லைனுக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கூகுளில் கோப்பின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் அதற்கான சுவிட்ச் இருக்கிறது. ஒருமுறை போட்டுவிட்டால் போதும், காட்டில் எழுதியது டவர் கிடைத்ததும் தானாக ஏறிவிடும். முதல் நாள் நான் அதைப் போட மறந்தேன். பட்டியலில் பெயர் தெரிந்தது, தொட்டால் திறக்கவில்லை. தப்பு என்மேல்தான்.

எக்செலில் கோப்பைப் போனிலேயே சேமித்தால் சிக்கல் இல்லை. கொலாபராவில் அந்தக் கேள்வியே எழாது. கணக்குத் தொடங்கச் சொல்லாது, விளம்பரம் கிடையாது, கோப்பு போனை விட்டு எங்கும் போகாது. குறை என்னவென்றால், மேசைக் கணினிக்காக வளர்ந்த லிப்ரே ஆபீஸை உள்ளங்கைக்குள் மடித்து வைத்தது போல இருக்கும். களைவெட்டி பிடித்த விரலுக்குப் பொத்தான்கள் சிறிசு. டேப்பில் அந்தக் குறை தெரியவில்லை.

எந்த ஆப்பானாலும் ஒன்று: உச்சி வெயிலில் கறுப்புப் பின்னணி எடுபடாது. வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

501 என்பது எண்ணா, எழுத்தா?

இரண்டாவது சோதனைதான் பெரிது, செய்முறை நோட்டு. ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்திகள். பார்க்க எளிது, ஏற்றும்போதுதான் தெரியும்.

தமிழில் தட்டுவதற்கும் ஆப்புக்கும் சம்பந்தம் குறைவு, அது விசைப்பலகையின் வேலை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையைப் பழகியவர்களுக்கு வேகம் தானாக வரும். பழகாதவர்கள் ஆங்கில ஒலியில் தட்டித் தமிழாக்கலாம், அல்லது வாயால் சொல்லலாம். வாயால் சொன்னபோது மதுரை, அருப்புக்கோட்டை எல்லாம் பிசகில்லாமல் விழுந்தன. எங்கள் ஊர்ப்பெயர் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ரூபத்தில் வந்தது.

இங்கேதான் நோட்டுக்கும் ஷீட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. நோட்டில் பரளச்சி, பரலச்சி, பறளச்சி என்று எப்படி எழுதினாலும் படிக்கிறவருக்கு ஒரே ஊர். ஷீட்டுக்கு அது மூன்று ஊர். "நம்மூர்க்காரங்க செஞ்சது மொத்தம் எவ்வளவு?" என்று அத்தான் கேட்டபோது வந்த கூட்டுத்தொகையில் பாதி ஊரைக் காணோம். இதற்கு வழி உண்டு. ஊர்ப்பத்தியில் தட்டவே கூடாது. ஊர்களின் பட்டியலை ஒருமுறை சரியாக அடித்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி கீழிறங்கும் பட்டியலாக அமைத்துவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் போனிலேயே இதைச் செய்துவிடலாம்.

அடுத்த பள்ளம் தொகை. 501 என்று அடித்தால் எண். '501 ரூ' என்று அடித்தால் எழுத்து. எழுத்தை எந்த ஷீட்டும் கூட்டாது, பிழை என்றும் சொல்லாது, பேசாமல் விட்டுவிட்டு மொத்தம் காட்டும். நாலு ஆப்பிலும் இதுதான் நிலை. பத்தியில் எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிற தொகையைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

வசதி என்று பார்த்தால் சின்னத் திரையில் எக்செலுக்கு ஒரு படி அதிகம் கொடுப்பேன். ஒரு வரியை அட்டை போல நெட்டுக்கு விரித்துக் காட்டும் பார்வை அதில் இருக்கிறது. பக்கவாட்டில் தள்ளித் தள்ளி எந்தப் பத்தியில் நிற்கிறோம் என்று தொலைந்துபோக வேண்டாம். அச்சடித்த அட்டவணையைப் படமெடுத்தால் அதைக் கட்டங்களாக மாற்றித்தரும் வசதியும் உண்டு. ஆனால் அது ஆங்கில எழுத்து மொழிகளுக்கென்று செய்யப்பட்டது. வங்கி பாஸ்புக்கின் எண்களுக்கு ஆகும், நம் நோட்டுக்கு ஆகாது. அச்சுத் தமிழைப் படத்திலிருந்து எடுக்க கூகுள் லென்ஸ் இருக்கிறது. மொய் எழுதுகிறவரின் கையெழுத்துக்கு மனிதக் கண்தான்.

கல்யாண மேசையிலேயே உட்கார்ந்து போனில் ஏற்றிப் பார்க்கலாம் என்று இன்னொரு வீட்டு விசேஷத்தில் முயன்றேன். நோட்டில் மூன்று பேருக்கு எழுதி முடிப்பதற்குள் எனக்கு ஒருவர்தான் முடிந்தது. பின்னால் நின்ற அண்ணாச்சி, "தம்பி, பந்தி போயிரும்" என்றார். எழுந்துவிட்டேன்.

மனு காகிதத்தில் விழ வேண்டும்

மூன்றாவது சோதனை, ஜனவரி 26 கிராம சபையில் பேசியதை ஒட்டி, கண்மாய் மதகைச் சரிசெய்யக் கேட்டுத் திருச்சுழி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு. பழைய மனுவின் கோப்பு கிடைத்தால் தேதியை மட்டும் மாற்றிவிடலாம் என்று தேடினேன். கிடைத்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழ்.

ஆப்பைத் திட்டிப் பயனில்லை. பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய முறைகளில் அடித்த கோப்புகளில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான், எழுத்துருதான் அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டுகிறது. அந்த எழுத்துரு போனில் இல்லை என்றால் சட்டை கழன்றுவிடும். தமிழ் 1991இலேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. பழைய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. உரையை அதில் ஒட்டி யூனிகோடாக்கி எடுத்தேன். மாற்றிய பின் ஒரு தடவை வாசித்துப் பார்ப்பது அவசியம், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறும்.

மனுவை வடிவமைக்க வேர்டுதான் சொகுசு. பெறுநர், பொருள், உள்தள்ளல் எல்லாம் சொன்னபடி நிற்கிறது. ஆனால் மருமகனின் டேப்பில் திறந்தபோது படிக்க விட்டது, திருத்த விடவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் விதி அது: 10.1 அங்குலம் வரையுள்ள திரையில் திருத்துவது இலவசம், அதற்கு மேல் சந்தா கட்ட வேண்டும். 2014இல் போனுக்கும் டேப்புக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது 10 அங்குலமே பெரிய டேப். இன்று கடையில் கிடைக்கும் நடுத்தர விலை டேப்புகளில் பல 11 அங்குலம். இலவச வேர்டுக்காக டேப் வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியில் திரை அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்த டேப்பில் மனுவை ஜோஹோ ரைட்டரில் முடித்தேன். திரை சுத்தம், பொத்தான்கள் நெருக்கியடிக்கவில்லை.

அச்செடுக்க அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். ஜெராக்ஸ் கடைகளில் ஒரே வாசகம்தான்: "வாட்ஸ்அப்புல அனுப்புங்க." வேர்டு கோப்பாக அனுப்பினால் அங்குள்ள கணினியில் வேறு எழுத்துரு ஏறி, ஒரு பக்க மனு ஒன்றேகால் பக்கமாகும், கையெழுத்து மட்டும் அடுத்த தாளில் தனியாக நிற்கும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். நாலு ஆப்பிலும் பிடிஎஃப் வசதி இலவசம்தான். இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பிரபலமான ஆப்பையும் தொட்டுப் பார்த்தேன். சேமிக்கும்போதெல்லாம் விளம்பரம் ஓடியது, பிடிஎஃப்பின் குறுக்கே தன் பெயரையும் அச்சடித்தது. அன்றே அழித்துவிட்டேன்.

யாருக்கு விரித்துக் காட்டுவது?

நோட்டின் மூன்றாவது குணத்தில் கூகுள் ஷீட்ஸை மற்றவை நெருங்கவில்லை. அக்கா பரளச்சியில் ஏற்றுகிறாள், திருப்பூரில் இருக்கும் அவள் மகன் அதே நேரத்தில் பார்க்கிறான். ஜோஹோவிலும் இது முடியும், ஆனால் அவன் போனில் கூகுள் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, வேறு கணக்கு தொடங்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மொய்யை மைக்கில் வாசிக்கிறோம், ஆனால் நோட்டைப் பீரோவில் வைத்துத்தான் பூட்டுகிறோம். யார் எவ்வளவு செய்தார் என்ற முழுப்பட்டியல் வெளியே போனால் ஊருக்குள் பேச்சு கிளம்பும். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அமைப்பு பூட்டாத பீரோ. மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டு அவரவருக்கு மட்டும் கொடுங்கள். திருத்தும் உரிமை ஒருவருக்கோ இருவருக்கோ போதும், மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை. மகளிர் குழுக் கணக்கு வைத்திருக்கும் மதினிமார்களுக்கும் இதே யோசனைதான்.

சும்மா என்றால் எவ்வளவு சும்மா?

கூகுள் 15 ஜிபி தருகிறது, ஆனால் மெயிலும் போட்டோவும் அதே பானைக்குள்தான். 2021 ஜூன் 1 முதல் புதிதாக உருவாக்கும் டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகளும் அந்தக் கணக்கில் சேரும். இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. விசேஷத்துக்கு விசேஷம் மட்டும் திறக்கிறவர்கள் அதை மறக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ் 5 ஜிபி. கொலாபராவுக்கு உங்கள் போனில் உள்ள இடம்தான் எல்லை, போன் தொலைந்தால் கணக்கும் தொலைந்தது.

ஜோஹோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2005இலேயே ரைட்டரை வெளியிட்டது, கூகுள் டாக்ஸ் வருவதற்கு முன்பு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அவர்கள் அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர் ஒருவர் தன் வேலைகளை ஜோஹோவுக்கு மாற்றுவதாக அறிவித்த பிறகு ஊருக்குள்ளும் அந்தப் பெயர் அடிபடுகிறது. நம்ம பக்கத்து ஆப் என்பதற்காக மதிப்பெண் கூட்டவில்லை. 11 அங்குல டேப்பில் காசு கேட்காமல் மனுவை முடித்துக் கொடுத்தது, அதற்குத்தான் மதிப்பெண்.

தீர்ப்பு

செய்முறை நோட்டுக்கும் குழுக் கணக்குக்கும் கூகுள் ஷீட்ஸ். போனில் மனு எழுத வேர்டு, பெரிய டேப் என்றால் ஜோஹோ ரைட்டர். காட்டுச் செலவுக்கும், கணக்கு வெளியே போகக் கூடாது என்பவர்களுக்கும் கொலாபரா, வாரம் ஒருமுறை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும்.

மொய் மேசையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். மறுநாள் வீட்டில் ஒருவர் வாசிக்க ஒருவர் ஏற்றினால் அரைநாள் வேலை. ஏற்றி முடித்ததும் மொத்தத்தை நோட்டின் மொத்தத்தோடு ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை 1,503 ரூபாய் உதைத்தது. தேடினால் மூன்று கட்டத்தில் '501 ரூ'.