பாரதி அறுபத்தாறில் மெய்ப்பொருளும் சித்தும்

உழவர்கரைப் பகுதியைச் சேர்ந்த கருவடிக்குப்பத்தில் உள்ள சித்தானந்த சுவாமி கோயிலைப் பாரதி தம் புதுச்சேரி வாழ்வுக் காலத்தில் (1908–1918) பாடியுள்ளார். வாயிலில் எரியும் விளக்கு உள்ளத்து அழுக்கையும் உடற்குறையையும் ஓட்டும் என்கிறது அப்பாடல். அழுக்கு நீங்குதல் அறிவுத் தெளிவின் உருவகம். உடற்குறை நீங்குதலோ, சொற்படி கொண்டால், இயற்கையை மீறிய நிகழ்ச்சி. இரண்டும் அருகருகே நிற்பதால் ஒன்றெனவே கொள்ளப்படுகின்றன.

கலைச்சொற்களும் இம்மயக்கத்துக்குத் துணைபோகின்றன. மீவியற்பியல், மீயியற்கை ஆகிய இரண்டிலும் ‘மீ’ உண்டு. ஆயின் முன்னதன் கிரேக்கப் பெயர், அரிஸ்டாட்டிலின் நூல் வரிசையில் இயற்பியலுக்குப் பின் வைக்கப்பட்டமையால் அமைந்தது என்பர். அற்புதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உள்ளது எது, அது எவ்வாறு உள்ளது என்பது மீவியற்பியலின் வினா. மீயியற்கை என்பது ஒன்று நடந்தது என்னும் செய்தி. வினாவுக்கு வாதம் வேண்டும். செய்திக்குச் சான்று வேண்டும்.

‘பாரதி அறுபத்தாறு’ இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நூல். ஈசுவரன் தர்மராஜா வீதியிலுள்ள சிறு வீடொன்றில், உபநிடதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்காகப் பாரதி சென்றிருக்கையில் குள்ளச்சாமி வருகிறார். பாரதி அவர் கையைப் பற்றிக்கொண்டு வினாக்களை அடுக்க, அவர் விடுவித்துக்கொண்டு ஓடுகிறார். பின்தொடர்ந்தவருக்குக் குட்டிச்சுவரையும், கதிரவனையும், கிணற்றுள் தெரியும் அதன் விம்பத்தையும் காட்டி, புரிந்ததா என்கிறார். இங்கே இயற்கை விதி எதுவும் மீறப்படவில்லை. சுவர் சுவராகவே நிற்கிறது. கிணற்று நீரில் ஞாயிறு தெரிவது எவரும் காணக்கூடியது. மேசைமேல் உபநிடதம் கிடக்க, அதன் பொருள் பாழ்மனையில் விளங்குகிறது. (மேசை இருந்ததாகப் பாடல் கூறவில்லை, ஏடு இருந்தது.) நூலின் தலைசிறந்த பகுதி இதுவே.

கோவிந்தசாமியைப் பற்றிய பகுதி வேறு வகையானது. அவர் இறந்துபோன தந்தையின் உருவைக் காட்டினார். பின் தாயின் வடிவம் கொண்டார். இதனால் அவர் பரமஞான அனுபூதி உடையவர் என்று அறிந்ததாகப் பாரதி கூறுகிறார். இம்முடிவு பொருந்தவில்லை. காட்சி உண்மையே என ஏற்றாலும், அது காட்டியவரின் ஆற்றலைத்தான் நிறுவும், ஞானத்தை நிறுவாது. சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று பதஞ்சலியின் யோக சூத்திரமே எச்சரித்துள்ளது. பாடலின் உருக்கம் வாதத்தின் இடைவெளியை மறைத்துவிடுகிறது.

மரணத்தை வெல்லுதல் பற்றிய பகுதியே மிகவும் சிக்கலானது. சாகாமையை ஆன்மாவின் இயல்பாகக் கொண்டு பாரதியைக் காப்பது எளிது. ஆனால் கண்ணனும் இராமனும் இயேசுவும் எவ்வாறு இறந்தனர் என்று எண்ணிக்காட்டிவிட்டே தாம் இறவாதிருக்கப்போவதாக அவர் கூறுகிறார். பட்டியலில் உள்ளவை உடலின் சாவுகள். எனவே அவ்வடியை வேதாந்தக் கூற்றாக மட்டும் வாசிக்கப் பாடல் இடந்தரவில்லை. செய்தியாக வாசித்தாலோ, 1921 செப்டம்பர் அதற்கு விடையளித்துவிட்டது.