வீடும் தொழிலும்: கனடிய ஆராய்ச்சியொன்றின் மதிப்பீடு

தமிழில் வீடு என்னுஞ் சொல் மனிதன் வாழும் இல்லத்தையும், உறுதிப்பொருள் நான்கனுள் இறுதியில் வைத்தெண்ணப்படும் விடுதலையையும் ஒருங்கே குறிக்கும். ஆன்ம விடுதலை பல படிகளைக் கடந்த பின்னரே எய்தற்பாலது என்பர். ஆயின், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் கூரையும் அவ்வாறே தகுதி காட்டிய பின்னர்தான் அளிக்கப்படவேண்டுமோ? மனநோயுற்று வீதியில் வாழ்வோர் முதலில் மருந்துண்ண இசைதல் வேண்டும்; மதுவை ஒழித்தல் வேண்டும்; பொது விடுதியில் ஒழுங்காயிருந்து காட்டுதல் வேண்டும்; அதன் பின்னரே அவர்க்குத் தனிவீடு என்பது வட அமெரிக்க நகரங்களில் நெடுங்காலம் வழங்கிய முறையாகும். இப்படிக்கட்டின் முதற்படியிலேயே நின்றுவிட்டோரும் இடையில் வழுக்கி வீதிக்கே மீண்டோரும் பலர்.

1992ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலறிஞர் இம்முறையைத் தலைகீழாக்கினார். வீடு முதலில், மருத்துவமும் ஏனையவும் அவரவர் விருப்பின்படி பின்னர் என்பது அவர் வகுத்த நெறி. குடியிருப்போர் தம் வருவாயில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கை வாடகையாக இறுத்தலும், சேவையாளர் வந்து காண்பதற்கு இசைதலுமே விதிகளாயின. இந்நெறியைப் பரந்த அளவிற் சோதித்த பெருமை கனடாவுக்குரியது. 2008ஆம் ஆண்டில் அந்நாட்டரசு 110 மில்லியன் டொலரை ஒதுக்க, வன்கூவர், வினிபெக், ரொறன்ரோ, மொன்றியல், மொங்ரன் ஆகிய ஐந்து நகரங்களிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். யார்க்கு வீடு, யார்க்கு வழக்கமான சேவை என்பது திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் துணியப்பட்டது.

2014இல் வெளியான இறுதியறிக்கை கூறும் முடிபு தெளிவானது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் முழுக்காலமும் வீட்டில் வாழ்ந்தோர், வீடு முதலிற் பெற்றோருள் நூற்றுக்கு 62 பேர். ஏனையோருள் நூற்றுக்கு 31 பேர். நோய்க் குறிகளும் போதைப்பழக்கமும் இரு குழுவினரிடத்தும் ஏறக்குறைய ஒரே அளவிற் குறைந்தன. இதனைக் குறையாகக் கூறுவாரும் உளர். நோய் தீராதவனுக்கு வீடு கொடுத்தால் அவன் கெட்டொழிவான் என்ற பழைய அச்சம் பொய்யாயிற்று என்பதே இங்கு நோக்கற்பாலது.

ஆயின் தொழிலைப் பொறுத்தவரை ஆராய்ச்சியின் குரல் தாழ்கின்றது. வீடு கிடைத்தமையால் மட்டும் தொழில் பெறுவோர் தொகை பெருகவில்லை. வீடு பெற்றோரிடத்து நேரில் உசாவிய ஆராய்ச்சியாளர் இதன் காரணங்களையும் வெளிப்படுத்தினர். பழைய குற்றப்பதிவையும் நோயையும் தொழில்கொள்வோனிடம் எவ்வாறு சொல்வது என்னும் கலக்கம், விட்டுவிடாத போதைப்பழக்கம், கூடியும் குறைந்தும் வரும் ஊக்கம், வீதிவாழ்வின் துயரை மீண்டும் காண நேருமோ என்னும் அச்சம் ஆகியன அவை. கதவுக்குப் பூட்டு உண்டாகிவிட்டதனால் இவை நீங்கிவிடமாட்டா.

தொழிற்றுறையிலும் இதையொத்த தலைகீழ் மாற்றமொன்று முன்னரே தோன்றியிருந்தது. அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் றொபேட் டிறேக், டெபோறா பெக்கர் என்போர் வகுத்த தனியாள் தொழிற்றுணை முறை அது. நீண்ட பயிற்சிக்குப் பின் வேலை என்பதை விடுத்து, விரும்பும் எவர்க்கும் விரைவில் உண்மையான கூலிவேலை தேடிக்கொடுத்து, அதன்பின் கால எல்லையின்றித் துணைநிற்பதே அதன் சாரம். 2007இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், இலண்டன், சூரிச், சோபியா முதலிய ஆறு இடங்களைச் சேர்ந்த கடும் மனநோயுற்றோர் 312 பேருள், இத்துணை பெற்றோரில் நூற்றுக்கு 55 பேரும் பழைய முறைப் பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 28 பேரும் வேலை பெற்றனர்.

கனடிய ஆராய்ச்சியில் இவ்விரு நெறிகளும் சந்தித்த இடம் மொன்றியல். ஆங்கு 90 பேரிடத்தே தொழிற்றுணை தனியாகச் சோதிக்கப்பட்டது. துணை பெற்றோருள் மூன்றிலொரு பங்கினரும் ஏனையோருள் ஐந்திலொரு பங்களவினரும் வேலை பெற்றனர். பயன் உண்டென்பதற்கு இது சான்றாயினும், தொகை சிறிதாகலின் ஐயமற்ற முடிபன்று. ஐந்து நகரங்களில் வீட்டை ஆராய்ந்த பெருந்திட்டம், தொழிலை ஒரு நகரின் சிறு கிளையாய்வுக்கு விட்டமை அதன் முதற் குறையாகும்.

இரண்டாவது குறை அளவுகோல் பற்றியது. இது தொழிற்றுணை ஆய்வுகட்குப் பொதுவாக உள்ளது. மேற்கூறிய ஐரோப்பிய ஆய்வில் ஒருநாளேனும் கூலிவேலை செய்தவர் வேலை பெற்றவராகவே எண்ணப்பட்டார். வேலை செய்த நாட்களும் மணிகளும் தனியே கணிக்கப்பட்டன என்பது மெய்யே. எனினும், தலைமை எண்ணாகப் பரவுவது முன்னதாதலின், ஒருநாள் உழைத்து விலகியவரும் ஓராண்டு நிலைத்தவரும் வாசகர் கண்ணில் ஒப்பாகின்றனர். உழைப்பின் பயன் பெற்றோமா இல்லையா என்பதில் மட்டும் இல்லை. நாளையும் செல்ல ஓரிடம் உண்டு என்னும் உறுதியில் உள்ளது.

மூன்றாவது, அறத்தைத் தொடுவது. உதவியே இல்லாதாரிற் பாதியளவினர்க்குச் சீட்டு வீட்டை மறுத்தது. இருக்கும் பொருள் எல்லார்க்கும் போதாதவிடத்து, முன்பின் தெரியாச் சீட்டு, அதிகாரியின் விருப்பினும் நேரியது எனலாம். ஆயினும் அச்செயல் நியாயமாவது, பெற்ற முடிபு செயலாகும்போது மட்டுமே. 2013ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கனடிய மத்திய அரசு வீடற்றோர்க்கான தன் திட்டத்தை இந்நெறியிலேயே செலுத்த முற்பட்டமை, ஆராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடாமைக்குச் சான்றாகும். தொழிற்பகுதிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

ஆகவே, இவ்வாராய்ச்சிகளை ஒருசேர நோக்குமிடத்துத் துணியற்பாலது இதுவே: வீடு நிலம், தொழில் அந்நிலத்தில் தானே முளைக்கும் பயிரன்று. நிலமின்றிப் பயிரில்லை; விதைப்பாரும் நீர்விடுவாரும் இன்றியும் பயிரில்லை. தகுதி காட்டிய பின்னரே தருவோம் என்னும் பழைய மனப்பான்மையை வீட்டைப் பொறுத்தமட்டில் தகர்த்த பெருமை இவ்வாராய்ச்சிக்கு உரியது. தொழில் வாயிலிலும் அம்மனப்பான்மையை அகற்றி, வேலைக்குச் சென்றவர் ஓராண்டு கழிந்தும் அங்கிருக்கின்றாரா என்று கேட்கும் ஆராய்ச்சியே இதன் தொடர்ச்சியாதற்குரியது.