எக்மோவும் ஒரு விடுபட்ட கணக்கும்

2016 டிசம்பரில் ஜெயலலிதா, 2020-ல் எஸ்.பி.பி. எக்மோ என்ற சொல் மதுரை டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தது அப்படித்தான். அன்று வந்த விளக்கக் கட்டுரைகள் சிலதைத் திரும்பப் படித்தேன். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திருப்பி அனுப்பும் கருவியாம். சரி, எவ்வளவு ஏற்றும்? நான் படித்த எதிலும் அது இல்லை.

கணக்கு பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்ஸிஜனைப் பிடிக்கும். 100 மில்லி ரத்தத்தில் 10 கிராம் இருக்கிறது. கருவிக்குள் போகையில் செறிவு 65%, வெளியே வருகையில் 100%. ஓட்டம் நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவது சுமார் 188 மில்லி. கரைந்திருப்பதையும் சேர்த்தால் 230 பக்கம் வரலாம். சும்மா படுத்திருக்கும் பெரியவர் உடம்புக்கே நிமிடத்துக்கு 250 போல வேண்டும்.

ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கட்டும். வெளிவரும் ரத்தம் அப்போதும் 100% தான் காட்டும். ஹீமோகுளோபினில் ஏறுவதோ 131. ஏற்றிய ரத்தத்தையே குழாய் மறுபடி இழுத்துக்கொண்டால் இன்னும் மோசம். உள்ளே போவதே 85% ஆகிவிட்டால், 10 கிராம் இருந்தும் ஏறுவது 80 தான்!

நோயாளியின் எண்களை மருத்துவமனை வெளியிடாதது நியாயம், அது அந்தரங்கம். விளக்கம் எழுதியவர்களுக்கு என்ன தடை? ஐசியு வாசலில் 'ஆக்ஸிஜன் நூறு இருக்கு' என்று கேட்டு நிம்மதியாகிற குடும்பத்துக்கு, ஹீமோகுளோபின் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவுன்னு கேட்கணும்னு யார் சொல்லித்தருவது?