எழுத்தின் வடிவமா, ஓசையா?

இணையவழிப் பாடத்தளங்கள் சிலவற்றிலும், கிண்டில் போன்ற மின்னூல் கருவிகளிலும் ஒரு தனி வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், திரையிலுள்ள ஆங்கில எழுத்துகள் அடிப்பாகம் தடித்து வேறு வடிவில் தோன்றும். ‘டிஸ்லெக்சியா’ எனப்படும் வாசிப்புக் குறைபாடு உடைய மாணவர்க்கு இது உதவும் என்கிறார்கள். பெற்றோர் ஆறுதல் அடைகின்றனர். பள்ளியும் தன் கடமை முடிந்ததெனக் கருதிவிடக்கூடும். ஆனால் இதனால் குழந்தை நன்றாக வாசிக்கிறதா?

இவ்வகை எழுத்துருக்களில் இரண்டு பெயர் பெற்றவை. ‘டிஸ்லெக்சி’ என்பதை 2008-இல் நெதர்லாந்து வடிவமைப்பாளர் கிறிஸ்டியான் பூர் உருவாக்கினார். அவருக்கே இக்குறைபாடு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ‘ஓப்பன் டிஸ்லெக்சிக்’ 2011-இல் வெளிவந்தது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘பி’யும் ‘டி’யும் கண்ணாடிப் பிம்பங்கள் போன்றவை அல்லவா? அவை குழந்தையின் கண்ணுக்குப் புரண்டு தெரிகின்றன, அடியைக் கனமாக்கினால் புரளா என்பதே இவற்றின் அடிப்படை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் தத்துவம்தான்! கேட்க நன்றாகவே இருக்கிறது.

எழுத்து புரண்டு தெரிவதே நோய் என்னும் எண்ணம் பழையது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1925-இலேயே இத்தகைய விளக்கம் தந்தார். ஆனால் 1979-இல் ஃபிராங்க் வெல்லுட்டினோ எழுதிய நூல் அதை ஆட்டங்காணச் செய்தது. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்தறிந்து அவற்றை எழுத்தோடு இணைப்பதில்தான் பெரும்பாலான குழந்தைகள் இடர்ப்படுகின்றனர். கண் பார்ப்பதில் அன்று. பின்வந்த ஆய்வுகளும் பெரிதும் இதையே வலியுறுத்துகின்றன.

சோதனைகள் என்ன கூறுகின்றன? 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓப்பன் டிஸ்லெக்சிக்கால் வாசிப்பின் வேகமும் கூடவில்லை, பிழையும் குறையவில்லை. அதில் பங்கு கொண்டோர் 12 பேரே என்று ஒதுக்கலாம். நெதர்லாந்தில் 170 குழந்தைகளைக் கொண்டு ‘டிஸ்லெக்சி’யைச் சோதித்தபோதும் அதே முடிவுதான். 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில் மட்டும் வேகம் 7 சதவீதம் கூடியது. ஆனால் சாதாரண ஏரியல் எழுத்தையே அதே அளவு இடைவெளி விட்டு அமைத்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது! பயன் தந்தது இடைவெளிதான். தடித்த அடிப்பாகம் அன்று. எழுத்துகளை விலக்கி அச்சிட்டால் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகள் மேலும் நன்றாக வாசித்ததை 2012-இலேயே கண்டிருந்தனர்.

தமிழுக்கு வருவோம். கண்ணாடிப் பிம்ப இணைகள் நம் எழுத்தில் அரிது. நம் சிக்கல்கள் வேறு. ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னே, துணைக்கால் பின்னே. உயிரொலியோ மெய்க்குப் பிறகே வருகிறது. ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டிலும் ஒரே ‘க’தான், ஆனால் ஓசை வேறு. இடைவெளியைக் கூட்டும்போதும் கொம்பும் காலும் மெய்யைவிட்டுப் பிரிந்து நிற்கலாகாது. ஆங்கிலத்துக்குச் செய்த வசதியை அப்படியே இறக்குமதி செய்வதில் பொருளில்லை.

அப்படியானால் கணிப்பொறியால் பயனே இல்லையா? உண்டு. பாடத்தைக் குரலில் படித்துக்காட்டி, படிக்கும் சொல்லை வண்ணமிட்டுக் காட்டலாம். குழந்தை நிறுத்தி மீண்டும் கேட்கலாம், நாற்பது பேர் நடுவே வெட்கப்பட வேண்டியதில்லை. வாசிக்க இயலாத காரணத்தால் வரலாறும் அறிவியலும் கைநழுவிப் போகாமல் இது காக்கும். எனினும் கேட்பது வேறு, வாசிக்கக் கற்பது வேறு. அதற்கு ஓசையையும் எழுத்தையும் இணைக்கும் பயிற்சி வேண்டும்.

பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிராஃபோகேம்’ இத்தகையது. ஓர் ஒலி கேட்கும். அதற்குரிய எழுத்தைக் குழந்தை தொட வேண்டும். நோக்கம் சரியானதே. ஆயினும் 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சொல் வாசிப்பில் சராசரிப் பயன் ஏறக்குறையச் சுழியமே எனத் தெரிந்தது. பெரியவர் ஒருவர் குழந்தையோடு நன்கு ஈடுபட்ட இடங்களில் மட்டும் பயன் தெளிவாகத் தென்பட்டது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. இனி ஒரு பாடத்தளத்தை விலைக்கு வாங்கும் பள்ளி, அதில் எத்தனை எழுத்துருக்கள் உள்ளன என்பதை விட்டு, குழந்தையின் பக்கத்தில் அமரப்போகும் ஆசிரியர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்கட்டும்.