யார் வாங்கிய புத்தகம் இது?

திருப்பத்தூரிலிருந்து வாணியம்பாடி வழியாக ஆம்பூர் செல்லும் சாலையில் காலை வேளையில் பயணம் செய்தவர்கள், காலணித் தொழிற்சாலைகளின் வண்டிகளைக் கண்டிருப்பார்கள். அவற்றில் நெருங்கி அமர்ந்து செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். நம் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் தாய்மார். பள்ளிமணி அடிப்பதற்கு முன்பே அவர்கள் புறப்பட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னரே வந்து சேர்கிறார்கள். 'பெற்றோர் அக்கறை காட்டுவதில்லை' என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் ஆண்டுதோறும் பேசப்படும் குறையை இக்காட்சியோடு சேர்த்தே எடைபோட வேண்டும். வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, தையல் எந்திரத்தின் முன் குனிந்திருப்பவரைக் காணோமே என்று வருந்துவது என்ன நியாயம்?

அத்தகைய தாய் ஒருவர் ஒருநாள் அரைநாள் ஊதியத்தை இழந்துகொண்டு என்னைத் தேடி வந்தார். நான் அப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியர். நூலகப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அவர் கையில் எங்கள் பள்ளி முத்திரையிட்ட சிறுவர் கதைத்தொகுப்பு ஒன்று. "சார், இது யார் வாங்கின புஸ்தகம்?" என்றார். "ஏனம்மா?" என்றேன். ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். தோல் உரிப்பவன் ஒருவனை முட்டாளாகவும் நாற்றம் பிடித்தவனாகவும் காட்டிச் சிரிக்கவைக்கும் கதை அது. "எம் மாமனார் தோல் ஷாப்புல முப்பது வருஷம் வேலை பாத்தவரு. பேத்தி இதை அவர்கிட்டயே படிச்சுக் காட்டிட்டா சார்" என்றார்.

அந்நூலை வாங்கியவன் நானே. வாங்குமுன் அதனைப் படித்திருக்கவில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் பள்ளிகளில் நூல் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை உள்ளிருந்து அறிந்தோர் ஒப்புக்கொள்வர். நிதியாண்டின் இறுதியில் பணம் வந்து சேரும்; மார்ச் 31க்குள் செலவிட்டாக வேண்டும். புத்தக வணிகர் தம்மிடம் தேங்கியிருப்பவற்றுக்கு ஒரு பட்டியலோடு வருவார். கழிவு எவ்வளவு என்பதில் பேச்சு முடியும். நூல்கள் கட்டுக்கட்டாக வரும், பதிவேட்டில் ஏறும், அலமாரிக்குள் போகும், பூட்டப்படும். நூலகர் இல்லாத பள்ளிகளே மிகுதி. அங்கெல்லாம் பொறுப்பு ஓர் ஆசிரியரின் தலையில் கூடுதலாக விழுகிறது; தொலைந்த நூலுக்கு அவரே விலை கட்ட வேண்டும் என்ற அச்சம் அந்தப் பூட்டைவிட உறுதியானது. பிள்ளைகள் கையில் பட்டுக் கிழிந்த நூல் இருப்புச் சரிபார்ப்பில் குற்றமாகிறது. எவரும் தொடாத நூல் நற்சான்று பெறுகிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று 1931இல் நூலக அறிவியலுக்கு விதி வகுத்த எஸ்.ஆர். இரங்கநாதன், சீர்காழியில் பிறந்த நம்மவர்தாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப்புத்தகங்கள் உள்ளிட்ட நூல்கள் கொண்ட நூலகம் வேண்டும் என்று தன் அட்டவணையில் விதிக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் வகுக்கிறது. பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், நிதி செலவாவதைப் பார்ப்பதும் அக்குழுவின் பணிகள். ஆக, புத்தகத்திற்குக் கொடுத்த பணத்தைக் கணக்குக் கேட்கப் பெற்றோருக்கு வழி இருக்கிறது; புத்தகத்தைக் கையிலெடுத்து 'இதனை ஏன் வாங்கினீர்கள்?' என்று கேட்பதைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நம் பள்ளிகளைப் பொறுத்தவரை இன்னுமொன்று உண்டு. 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டத்தின் வரம்பிலிருந்தே விலக்கியது. நிருவாக உரிமைக்கு அது பாதுகாப்பு என்று மகிழ்ந்தோம். பெற்றோரை அழைக்கும் கடமையும் அதனோடு நழுவியதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

தமிழக அரசின் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தை இங்கே பாராட்டியே ஆக வேண்டும். நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில், எளிய நடையில், படங்களோடு சிறு சிறு நூல்களை அது பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. கனத்த நீதிநூல்களைக் கண்டு ஓடிய பிள்ளைகள் இவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். எனினும் இத்தேர்வு தலைநகரில் செய்யப்பட்டு ஊர்களுக்கு வருவது. மொழியின் கடினத்தை அளந்து படி பிரிக்கிறது. படிக்கும் பிள்ளையின் வீட்டை அது அளக்க இயலாது. வாணியம்பாடியில் வீட்டில் உருது பேசும் சிறுமிக்கும், சவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கும் சிறுவனுக்கும் 'நுழை' என்ற வாசல் ஒரே உயரத்தில் இருக்க முடியுமா? அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் அந்தந்த ஊர்ப் பெற்றோரும் ஆசிரியருமே.

பெற்றோரை உள்ளே விட்டால் நூல்களை வெளியே தள்ளுவார்கள் என்று சொல்வோர் உண்டு. அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. நான் அறிந்த மற்றொரு பள்ளியில் இரா. நடராசனின் 'ஆயிஷா' நூலகத்தில் இருந்தது. கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி ஒருத்தி, வலி தெரியாதிருக்க வழி தேடித் தன்மீதே செய்துகொண்ட சோதனையில் உயிரிழக்கும் கதை. "சாவில் முடிகிற கதை பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று ஒரு தந்தை எழுந்து கேட்டார். அடுத்த வாரம் நூல் அலமாரியில் இல்லை. எவரும் அதனைப் படித்து வாதாடவில்லை. நிருவாகம் விளக்கமும் தரவில்லை. அந்தத் தந்தைக்கு வலுவான விடை ஒன்று இருந்தது. சாவை அக்கதை விற்பனைச் சரக்காக்கவில்லை. அடிக்கும் கையைத்தான் அது கூசவைக்கிறது. ஒருவேளை நூல் மறைந்ததற்கு அதுவே காரணமோ என்னவோ! பல்கலைக்கழகங்களிலும் இதுவே வழக்கம். 2020இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூலொன்றை முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது ஒரு மாணவர் அமைப்பின் புகாருக்குப் பின்னரே.

அமெரிக்காவில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற ஊரின் பள்ளி வாரியம் 1976இல் சில நூல்களை நூலகத்திலிருந்து அகற்றியது. பின்னர் அவற்றைப் படித்துப் பார்க்கப் பெற்றோர் நால்வரும் பள்ளிப் பணியாளர் நால்வரும் கொண்ட குழுவை அமைத்தது. குழு அவற்றுள் ஐந்து நூல்களை வைத்துக்கொள்ளலாம் என்றது, வாரியம் கேட்கவில்லை. வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலை அகற்றலாகாது என்று அங்கே முதன்மைத் தீர்ப்புரை எழுதப்பட்டது. எனக்குத் தீர்ப்பைவிட அந்த எண்மர் முக்கியமாகத் தோன்றுகிறார்கள். உட்கார்ந்து படித்தவர்கள் அவர்கள். படித்த பெற்றோர் நூல்களுக்கு அஞ்சவில்லை. படிக்காத வாரியமே அஞ்சியது.

திருச்சபையின் அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் நடைமுறையிலிருந்த விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல், 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் தன் சட்ட வலிமையை இழந்தது. எதனைப் படிப்பது என்பது நம்பிக்கையாளரின் முதிர்ந்த மனச்சான்றுக்கு விடப்பட்டது. உரோமை கைவிட்ட பட்டியலை நம் தாளாளர்கள் சிலர் எழுதாமலே கடைப்பிடித்து வருகிறார்கள். எழுதப்பட்ட பட்டியலிலாவது எந்நூல் இருக்கிறது என்று பார்க்க முடிந்தது.

ஆகவே என் விமரிசனம் பெற்றோரை நோக்கியதன்று. நூலை வாங்கும்போதும் படிக்காமல், நீக்கும்போதும் படிக்காமல் இருக்கும் நம்மை நோக்கியது. வாங்குமுன் ஆசிரியர் ஒருவரும் பெற்றோர் ஒருவரும் படித்து, பட்டியலில் பெயரெழுதிக் கையொப்பமிட்டால் என்ன? ஞாயிறு மாலையில், தொழிற்சாலை விடுமுறையில், எழுத்தறியாத தாய்க்கும் பிள்ளையே வாசித்துக் காட்டும் ஒரு மணி நேரம் வைத்தால் என்ன? எதிர்ப்பு வந்தால் எழுத்தில் பெற்று, முழு நூலையும் படித்தவர்களைக் கொண்டே முடிவெடுத்து, காரணத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன? இதற்கெல்லாம் நிதி வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ எவரும் திட்டம் தீட்டுவதில்லை.

அந்தத் தாயிடம் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்டு, "இன்றே எடுத்துவிடுகிறேன் அம்மா" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. "எடுத்துடுங்கன்னு நான் சொல்லல சார். ஏன் இப்படி எழுதியிருக்காங்க, இது தப்புன்னு கிளாஸ்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் நீங்க சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. அவ்வகுப்பில் தோல் தொழிலாளர் பிள்ளைகளோடு தோல் மண்டி உரிமையாளர் பிள்ளைகளும் இருந்தார்கள். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நூலை எடுத்துவிடுவது எளிதாக இருந்தது. பதிவேட்டில் 'தொலைந்தது' என்று எழுதி, அதன் விலையை நானே கட்டினேன். அது இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.